கமலவேணி வீட்டுக் கறுப்புக் கரை

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று நான் யாரையும் கேட்டதில்லை. மூக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கமலவேணி அக்காவின் கூடத்துத் தரையில் ஈரம் கசிவதை அவள் மகன் இனியவனுக்கு முன்னால் கண்டுபிடித்ததும் நான்தான். நாலு பேரிடம் சொன்னதும் நான்தான். "தண்ணி மீட்டர் என்னமாய் ஓடுது தெரியுமா" என்று கூடச் சேர்த்துச் சொன்னேன்.

அந்தக் கூடத்தில் அந்தக் காலத்துப் பூக்கல். சிமெண்டில் வார்த்த சிவப்புப் பூ, சுற்றிலும் சுவரோரமாகக் கறுப்புக் கரை. அக்காவுக்குச் சர்க்கரையில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. கறுப்பு மட்டும் தெரிகிறது. கட்டிலிலிருந்து இறங்கி அந்தக் கரைமேல் கால் வைத்தால் சமையலறை, குளியலறை எல்லாம் ஒருவர் கையையும் பிடிக்காமல் போய் வந்துவிடுவாள்.

"குழாய் எங்க ஓட்டைன்னே தெரியல. மொத்தமா பேத்துட்டு வெள்ளை டைல்ஸ் போட்டுடலாம்மா" என்றான் இனியவன்.

"வெள்ளையில நான் எங்கடா நடப்பேன்?"

அந்தக் கல் இப்போது கிடைக்காது. கட்டிலுக்கடியில் ஐந்து மிச்சம் இருந்தன. ஐந்தும் பூ, கரைக் கல் ஒன்றுமில்லை. கடைசியில் ஒப்பந்தமானது: கசிவைக் கேட்டுச் சொல்கிற ஆள் ஒருவன் வருவான். அவன் காட்டுகிற இடத்தில் தோண்டி ஓட்டை கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் திங்கட்கிழமை மொத்தத் தரையும் போகும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, குழாயில் தண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்து அந்த ஆள், நெடுமாறன், வந்தான். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய சங்கரா மீனைப் பையோடு போட்டுவிட்டு நானும் போய்விட்டேன்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஃபேன், ஃபிரிட்ஜ் நிறுத்துங்க. யாரும் பேசக்கூடாது" என்றான்.

இனியவன் என்னைப் பார்த்தான். "அத்தைக்குக் கஷ்டமாச்சே."

"நான் எப்பப்பா பேசினேன்?"

நெடுமாறன் கையைக் காட்டினான். அடங்கினேன்.

கிண்ணம் போன்ற ஒரு கருவியைக் கல் கல்லாக வைத்துக் கேட்டுக்கொண்டே போனான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம் நின்றான். மறுபடி வைத்தான். பிறகு கறுப்புக் கரைமேல் சாக்பீஸால் வட்டம் போட்டான்.

"எங்கப்பா?" என்றாள் அக்கா. வட்டம் அவளுக்குத் தெரியவில்லை.

"சுவத்தோரம்மா. கரையில."

அவள் வலது கால் மட்டும் கரையைத் தேடிப் போய் அதன்மேல் நின்றது.

"பக்கத்து வூட்ல குழாய் ஏதாச்சும் தொறந்திருக்கா?" என்று கேட்டான் நெடுமாறன்.

"இல்ல" என்றேன். யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. என் வாய்க்கு அது பழக்கம்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் கொல்லைக் குழாய். நாலு மணியானால் அதை நூலளவு திறந்து, கீழே குடத்தை வைத்துவிடுவேன். நூலாக விட்டால் மீட்டர் முள் அசையாது. பல வருஷமாக இப்படித்தான். ஊரார் வீட்டுச் சேதியெல்லாம் என்னிடம் உண்டு. என் வீட்டுச் சேதி இது ஒன்றுதான், அதை யாருக்கும் சொன்னதில்லை.

இனியவன் உளியைக் கரைமேல் வைத்துச் சுத்தியலைத் தூக்கினான். அக்கா காலை எடுத்துக்கொண்டாள். அந்தக் கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"இருடா" என்றேன். "என் குழாய் தொறந்திருக்கு."

"இல்லன்னீங்களே?" என்றான் இனியவன்.

"மீட்டர் ஓடாம இருக்க நூலா வுட்டு வெச்சிருக்கேன். போதுமா?"

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

"எங்க வூட்டு மீட்டரை ஊரெல்லாம் ஓட்டினது நீங்கதானே அத்தை."

போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன். நெடுமாறன் சிரிக்காமல் முதலிலிருந்து கருவியை வைத்துக் கேட்டான். சுவரோரம் இப்போது சத்தமில்லை. சமையலறை வாசலுக்கு முன்னால், பூக்களுக்கு நடுவில் நின்றான். நாலு கல்லைப் பெயர்த்ததும் துருப்பிடித்த இரும்புக் குழாயில் ஊசிமுனை ஓட்டை ஒன்று சீறிக்கொண்டிருந்தது. மாற்றிய நாலு பூவும் மற்றவற்றைவிடச் சிவப்பாக, புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. கரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சேதி தெருவில் பரவும் என்று மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை, கொல்லைக் குழாயையும் தொடவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் இப்படி ஒரு சேதி கிடைத்திருந்தால் அன்று விளக்கு வைப்பதற்குள் தெருக்கோடி வரை போயிருக்கும்.

நாலாம் நாள் சாயங்காலம் அக்கா சுவரைத் தட்டினாள்.

"சுலோசனா, மணி நாலாச்சா?"

"ஆயிப்போச்சுக்கா. ஏன்?"

"சுவத்துல உஸ்ஸுன்னு சத்தம் வரும். அத வெச்சுத்தான் மாத்திரை போடுவேன். தெருக்குழாய்னு நெனச்சேன். இப்ப மூணு நாளா நேரமே தெரியல."

இப்போது நாலு மணிக்குக் குழாயை முழுசாகவே திறந்துவிடுகிறேன். முள் சுற்றுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மாத்திரை அட்டை உடைகிற சத்தம் கேட்கிறது.