விட்டுப்போன ஞ

‘கண்ணீர் அஞ்சலி’ என்று மகள் தட்டியதும் திரையில் ஒரு வெற்றுக் கட்டம் வந்து நின்றது. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். ‘ஞ்’ இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் கட்டம்தான்.

முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் கடைக்குப் போய்வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

முப்பது வருஷம் பேக்கரியில் கேக்கின்மேல் பெயர் எழுதியவர். க்ரீம் பிதுக்கிப் பழகிய கை, பேனா பிடித்தாலும் அப்படியே வளைந்து நெளிந்து ஓடும். புள்ளிகூடக் கொழுகொழுவென்று விழும். டிசைனர் மகள் சும்மா விடுவாளா? எழுத்தெழுத்தாக எழுதி வாங்கி, கணினியில் எழுத்துருவாக ஏற்றி, ‘அப்பா’ என்றே அதற்குப் பெயரும் வைத்தாள். பிறந்தநாள் அழைப்பு, கேக் பெட்டி, டீக்கடைப் பலகை என்று எதில் வைத்தாலும் சிரித்த முகமாக இருக்கும்.

ஞ வரிசையை மட்டும் அவர் எழுதவில்லை. “பிறந்தநாள் வாழ்த்துல ஞ எங்கம்மா வருது?” என்று எழுந்து போய்விட்டார். அவளும் ‘நெஞ்சார்ந்த’ வந்தால் ‘மனமார்ந்த’ என்று மாற்றி இதுவரை ஒப்பேற்றிவிட்டாள். இன்றைக்கு அப்பாவுக்கே ஒப்பேற்ற மனம் வரவில்லை.

அச்சகக்காரர் போனில் அழைத்தார். “கார்டு நாலு மணிக்குள்ள வேணும்மா. அந்த ஒரு எழுத்த வேற ஃபான்ட்ல போட்டுடுங்க. யார் பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன் சார்.”

தானே வரைந்து பார்த்தாள். என்ன வளைத்தும் அது அவள் கையெழுத்தாகத்தான் இருந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றாள். “நான் கடைசியா அவர்கிட்ட பேசினது இஞ்சியப் பத்திதான். எல்லாம் வாங்கிட்டு அத மட்டும் மறந்துட்டு வந்தார். சீட்டு எடுத்துட்டுப் போயும் மறப்பீங்களான்னு கத்தினேன்.”

“யார் எழுதினது?”

“நான் சொல்லச் சொல்ல அவர்தான்.”

கதவில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் சீட்டு இருந்தது. பால், முட்டை, சோப்பு, எல்லாவற்றின் மேலும் வாங்கியதற்கு அடையாளமாக அழுத்தமான கோடு. இஞ்சியின்மேல் மட்டும் கோடில்லை. நடுவில் ‘ஞ்’, கொழுத்த புள்ளியோடு முழுசாக இருந்தது.

படமெடுத்து, வெட்டி, கட்டம் இருந்த இடத்தில் வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

அம்மா குனிந்து, திரையில் அந்த எழுத்தைத் தொட்டாள்.

“வாங்கியிருந்தா அதையும் அடிச்சிருப்பார், இல்ல?”

“ஆமாம்மா. எழுத்து கெட்டுப்போயிருக்கும்.”

கார்டு அச்சகத்துக்குப் போனது. அம்மா சீட்டைக் கேட்டு வாங்கி, மடிப்பை நீவி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் செருகினாள். பக்கத்தில் கயிற்றில், சாமான் சீட்டு எழுதவும் அடிக்கவும் ஒரு பேனா எப்போதும் தொங்கும். அதை அவிழ்த்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள்.