சத்தம் நிற்கும் வளைவு

எஸ்டேட் பிக்கப் காலையில் தண்ணீர்த் தொட்டி வளைவில் திரும்பும்போது அதன் எஞ்சின் சத்தம் நின்றுவிடும். மறுபடியும் கேட்பது கீழே மரப்பாலத்துக்குப் பக்கத்தில்தான். இடையில் நான் எண்ணுவேன். இருபது, இருபத்தொன்று, சில நாள் இருபத்து நான்கு. அந்த எண்ணிக்கை முடியும்வரை பன்னிரண்டு பெண்கள் வண்டியின் பின்பக்கத்தில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் என் அக்கா ரஞ்சிதம், ஆறு மாத வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டுகிறவர் அவள் புருஷன், நாகப்பன் மாமா.

நான் நிற்பது ஆயாக் கொட்டகை வாசலில். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் இருட்டு பிரியும் முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஆயா பால் கலக்குவார். நான் தொட்டில் ஆட்டுவேன், மூக்கைத் துடைப்பேன். ரிங்லெட் பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்புக்கு அடுத்த ரிமூவ் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பிள்ளைகளிடம் பேசுவதற்கு அவ்வளவு குரல் தேவையில்லை. கொட்டகை மேட்டில் இருப்பதால் எதிர்ப்பக்க மலையில் போகும் ரோட்டுச் சத்தம் எல்லாம் இங்கே தெளிவாகக் கேட்கும். பனி மூடியிருந்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

போன வருஷம், எழுபத்தெட்டில், மேல் டிவிஷனில் ஒரு கொழுந்து லோரி கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை, ஒருவருக்குக் கால் போயிற்று. அதற்குப் பிறகு எஸ்டேட் மேனேஜரான துரை ஈப்போவிலிருந்து ஒரு பட்டறைக்காரரை வரவழைத்தார். அவர் ஒவ்வொரு வண்டியாகப் பானெட்டைத் திறந்து, டீசல் பம்பில் இருந்த ஒரு திருகை இறுக்கி, அதில் மெல்லிய கம்பியைக் கட்டி ஈயத்தால் முத்திரை வைத்துவிட்டுப் போனார். அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் ஓர் அளவுக்கு மேல் போகாது. எல்லாரும் அதைக் கவர்னர் என்றார்கள். முத்திரை அறுந்தால் டிரைவருக்கு வேலை போய்விடும். வேலை போனால் லயத்தில் எஸ்டேட் கொடுத்த வீடும் போய்விடும். அந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

மாமா முத்திரையைத் தொடவே இல்லை. அவர் செய்தது வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டுக்கு அரிசி வாங்கப் போனபோது நான் முன்சீட்டில் இருந்தேன். தண்ணீர்த் தொட்டி வளைவு வந்ததும் மாமா கியர் குச்சியை நடுவில் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட்டார். எஞ்சின் முனகலாகிப் போயிற்று. வண்டி மட்டும் வேகம் எடுத்தது. ஓரத்துச் செடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பச்சைச் சுவர்போல ஓடின. நான் கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத பாஞ்சால. இது துரைக்குத் தெரியாத கியருலா" என்று மாமா சிரித்தார். "கவர்னருக்கு எஞ்சின மட்டுந்தான் தெரியும். சக்கரம் சுத்துறது அதுக்கு எப்படித் தெரியும், சொல்லு?"

"எதுக்கு மாமா இப்படி?" என்று கேட்டேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏத்தம் பாத்தல்ல? பன்னண்டு பொம்பளைங்கள வச்சுக்கிட்டு இந்தக் கவர்னரோட ஏறுனா மாடு வண்டி முந்திக்கிட்டுப் போயிரும். கீழ வேகமா வந்தாத்தான் மேல ஏறும். லேட்டாப் போனா கணக்கெழுதுற கிராணி யாரத் திட்டுவாரு? என்னையத்தான."

கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நடுவில் தள்ளிவிட்டால் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை, பிரேக் மட்டும்தான். பாலத்துக்கு முன்னால் வேகம் மிஞ்சிப்போய் மாமா பிரேக்கை மிதித்தபோது கருகல் வாசம் சீட்டுக்கடியிலிருந்து வந்தது. அன்றிலிருந்துதான் எண்ண ஆரம்பித்தேன். பழைய பள்ளி நோட்டில் தேதி போட்டு எண்ணை எழுதிவைத்தேன். எழுதினால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "அவருக்கு ஓட்டத் தெரியாதாடி? பதினோரு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறாரு. எண்ணெ வேற மிச்சமாவுது. நீ போயி உன் வேலையப் பாரு" என்றாள்.

"வயித்துல புள்ள இருக்குக்கா."

"அது எனக்குத் தெரியாதா? நீதான் சொல்லித் தரணுமா?"

நான் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதனால்தான் துரைக்குக் கடிதம் எழுதினேன், பெயர் போடாமல். நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, இடது கையால் எழுதினேன். "பிக்கப் வண்டி காலையில் இறக்கத்தில் மிகவும் வேகமாகப் போகிறது. பெண்கள் பயப்படுகிறார்கள். ஐயா அவர்கள் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்." அவ்வளவுதான். கியரை நடுவில் தள்ளுகிறார் என்று எழுத நினைத்தேன். எழுதினால் அது மாமாவின் குற்றம் ஆகிவிடும். ஆகவே எழுதவில்லை. ஆபீஸ் கதவுக்கடியில் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்தேன்.

அடுத்த வாரம் பட்டறைக்காரர் மறுபடியும் வந்தார். ராதாகிருஷ்ணன் கிராணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பழைய முத்திரையை அறுத்து, அந்தத் திருகை இன்னும் இறுக்கி, புது முத்திரை வைத்தார். வேகம் அதிகம் என்று புகார் வந்ததால் கவர்னரை இன்னும் குறைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மாமா பூட்ஸைக் கழற்றிச் சுவரில் எறிந்தார். "எவனோ மொட்டக் கடுதாசி போட்டிருக்கான். இப்ப ஏத்தத்துல எறங்கித் தள்ளத்தான் வேணும். பின்னால நிக்குற அந்த வேலாயியா இருக்கும். வாயி சும்மா இருக்காது அவளுக்கு."

நான் மண்ணெண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். சிம்னி டக்கென்று மோதியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் சத்தம் தண்ணீர்த் தொட்டி வளைவில் நிற்கவில்லை. அதற்கும் மேலே, முனியாண்டி கோயில் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. ஏற்றத்தில் ஏற இன்னும் அதிக வேகம் தேவைப்பட்டதால் மாமா இன்னும் மேலிருந்தே வண்டியை விட ஆரம்பித்திருந்தார். முப்பத்தொன்று எண்ணினேன். நான் எழுதிய மூன்று வரிதான் பத்தைக் கூட்டியது. நோட்டில் அந்த எண்ணையும் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை தூறல். பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. சத்தம் நின்றது. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. வேலாயி அக்காவின் பெண்குழந்தை என் இடுப்பில் இருந்தது. முப்பத்தாறு. நாற்பது. கீழே ஹாரன் அடித்தது, விடாமல், நீளமாக. பிறகு ஒன்றுமில்லை. குழந்தை என் காதைப் பிடித்து இழுத்து விளையாடியது. கொட்டகையில் ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேருக்கும் அம்மா அந்த வண்டியில்தான். எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆயா பால் கலக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு எஞ்சின் உறுமியது. ஏற்றத்தில் ஏறும் சத்தம். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் பிள்ளைகளை எடுக்க வந்தபோது பெண்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். பாலத்தின்மேல் ஒரு காய்கறி லோரி எதிரே வந்துவிட்டதாம். ஈரத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். மாமா வண்டியை மண்மேட்டில் உரசி நிறுத்தினாராம். வேலாயி அக்காவின் கீழுதடு வீங்கியிருந்தது.

"ஒதட்டப் பாத்தியா ரஞ்சிதம்? இனி உன் புருஷன் வண்டியில சும்மா ஏற மாட்டேன், புது ரவிக்க வாங்கித் தந்தாத்தான் ஏறுவேன்" என்றார் வேலாயி அக்கா.

மாமா வண்டியில் சாய்ந்து நின்றார். "என் கை இருந்ததால தப்பிச்சீங்க. வேற ஆளா இருந்தா இந்நேரம் எல்லாரும் ஆத்துல மீன் புடிச்சுக்கிட்டு இருப்பீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரிக்காமல் நின்றாள். என்னைப் பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. துரையிடம் சொன்னால் மாமாவுக்கு வேலை போகும். மாமாவிடம் சொன்னால் சிரிப்பார். அக்கா கேட்க மாட்டாள். மறுபடி எழுதினால் திருகை மறுபடி இறுக்குவார்கள். மீதி இருப்பது பின்னால் நிற்கிற பன்னிரண்டு பேர்தான். அவர்களிடம் எழுதிக் கொடுக்க முடியாது. அவர்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது.

காலையில் வேலாயி அக்கா குழந்தையை நீட்டினார். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன், அவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி இது? புள்ளையத்தான குடுத்தேன், கையும் வேணுமா? பெரட்டுல பேரு கூப்புடப் போறாங்க, விடு."

வாயைத் திறந்தேன். வரவில்லை. பின்னால் மற்றப் பெண்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். வகுப்பில் எழுந்து நின்றது மாதிரியே காது சூடாயிற்று.

"சத்தம்..." என்றேன்.

"என்ன சத்தம்?"

"முனியாண்டி கோயில் கிட்ட வண்டிச் சத்தம் நின்னுரும்க்கா. மாமா கியர எடுத்துர்றாரு. ஃப்ரீ கியர்ல விடுறாரு. அப்ப கவர்னர் ஒண்ணும் செய்யாது. பிரேக் மட்டுந்தான். நேத்து நாப்பது எண்ணுனேன்."

வேலாயி அக்காவின் வீங்கிய உதடு அசைந்தது. "அதான் அங்க வந்தா அடிவயித்துல ஜில்லுன்னு இருக்கு. நான் பனின்னுல்ல நெனச்சேன்."

"துரைகிட்ட சொல்லிரலாமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"வேணாம்க்கா!" என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. தொட்டிலில் ஒரு பிள்ளை விழித்து அழுதது. "சொன்னா மாமாவுக்கு வேல போயிரும். சத்தம் நின்னா நீங்க மாமா தலைக்கு மேல கூரையில தட்டுங்க. கியர் போடுறவரைக்கும் தட்டுங்க. அது போதும்."

வேலாயி அக்கா தன் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிப் பார்த்தார், எடை பார்ப்பதுபோல. "இதுல தட்டுனா முனியாண்டியே எந்திரிச்சு வந்துருவாருலா" என்றார். பிறகு மெதுவாக, "நாப்பதா எண்ணுன?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

வாசலில் நின்றேன். பிக்கப் கிளம்பியது. கோயில் திருப்பம் வந்தது. சத்தம் நின்றது. ஒன்று. இரண்டு. எதிர்ப்பக்க மலையிலிருந்து டங் டங் டங் என்று தகரச் சத்தம். ஒரு தூக்கு இல்லை, பத்துப் பன்னிரண்டு தூக்கு ஒன்றாக. அதோடு பெண்களின் கத்தல். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஐந்து. ஆறு. பிறகு எஞ்சின், அடித்தொண்டையில் கனத்து உறுமிக்கொண்டு, மெதுவாக, தண்ணீர்த் தொட்டி வளைவைக் கடந்து பாலம்வரை நிற்காமல் போயிற்று.

அன்று வண்டி இருபது நிமிஷம் தாமதம். கிராணி கத்தியிருக்கிறார். "சீக்கிரம் வேணும்னா பெரட்ட சீக்கிரம் முடிங்க ஐயா. எங்களுக்குப் பறக்க ரெக்க இல்ல" என்று வேலாயி அக்கா சொன்னாராம். கிராணி திரும்பிப் போய்விட்டாராம்.

இரவு மாமா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"காடிக் கூரையெல்லாம் நெளிஞ்சு கெடக்கு. பதினோரு வருஷம் ஓட்டுனவன் தலைக்கு மேல தகரம் தட்டுறாளுங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நான்தான் மாமா" என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "கடுதாசியும் நான்தான்."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "கடுதாசியில ஃப்ரீ கியருன்னு ஏன் எழுதல?"

"எழுதுனா உங்கள நிப்பாட்டிருவாங்க."

மாமா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அடுத்த வாரம் முழுதும் மாமா என்னோடு பேசவில்லை. காலையில் தூக்குகள் தட்டின. எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது. நோட்டில் ஐந்து, ஆறு, நான்கு என்று எழுதினேன்.

ஆனால் மத்தியானம் இன்னொரு நடை உண்டு. மேல்காட்டிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாமா தனியாக அதே ரோட்டில் ஃபேக்டரிக்கு இறங்குவார். பின்னால் பெண்கள் இல்லை. மூட்டைகள் தட்டாது. அதுவரை அதை நான் யோசிக்கவே இல்லை. அதற்கடுத்த திங்கள்கிழமை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ரோட்டில் பிக்கப் வருவது கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போனேன்.

கோயில் திருப்பம். சத்தம் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.

தட்ட யாரும் இல்லாமலே கியர் விழுந்தது. எஞ்சின் ஒரு தரம் திணறி, பிறகு பிடித்துக்கொண்டு உறுமியது. பாலம் வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். உள்ளே வந்து நோட்டை எடுத்து ஏழு என்று எழுதினேன். நாளைக்கும் எண்ண வேண்டும்.