முதலாளி குறைத்துக்கொண்ட சம்பளம்

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு எல்லோருக்கும் கூலியை உயர்த்தினார். அறிவித்த அன்று சிலர் கண்கலங்கினார்கள். பெட்டிகளுக்குப் பசை தடவும் மேசையில் வேலை பார்த்த ஒரு பெண்ணும் கைதட்டத்தான் செய்தாள். ஆனால் ஒரு சந்தேகம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

“கம்பெனியே அவரோடதுதானே? ஒரு பையில இருந்து எடுத்து இன்னொரு பையில போட்டுக்கிட்டா நமக்கு எப்படித் தெரியும்?” என்று வீட்டில் தம்பியிடம் கேட்டாள். அவன் அதே கம்பெனியில் அட்டை வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அந்த இயந்திரத்தின் காப்புக் கதவு பழுதாகி மாதக்கணக்காகியிருந்தது. கதவைத் திறந்தால் கத்தி தானாக நிற்க வேண்டும், நிற்பதில்லை. முன்பெல்லாம் ஆளாளுக்கு மேற்பார்வையாளரைப் பிடித்து உலுக்குவார்கள். கூலி உயர்ந்த பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அவள் பேச்செடுத்தபோது, அந்த மனுஷன் தன் வயிற்றைக் கட்டி நமக்குக் கொடுக்கிறார், கதவு கிதவு என்று அவர் முன்னால் போய் நிற்பதா என்று கூட வேலை செய்பவர்களே கடிந்துகொண்டார்கள். யாரும் சொல்லாமலே வேகத்தையும் கூட்டினார்கள்.

ஒருநாள் அவள் வெட்டும் பகுதிக்குப் போனாள். இடைஞ்சலாக இருக்கிறதென்று தம்பி கதவைத் திறந்து கம்பியால் கட்டிவைத்திருந்தான். ஓடும் கத்திக்கு அடியில் கையை விட்டுத் துண்டுகளை வழித்துக்கொண்டிருந்தான். அவள் யோசிக்கவே இல்லை. சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

இயந்திரம் நின்றதும் முதலாளியே மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“யாரு நிறுத்தினது?”

“எங்க அக்காதான் சார்,” என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

அவள் கம்பியைச் சுட்டிக் காட்டினாள். அவர் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பிறகு சிரித்தார்.

“பயப்படாதீங்கம்மா. நம்ம பசங்களுக்கு அவங்க வேலை தெரியும். வேகமா செய்யுங்கன்னு நான் யார்கிட்டயாவது சொன்னேனா?”

இல்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் படியேறி முடிப்பதற்குள் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. கம்பியை யாரும் அவிழ்க்கவில்லை.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை, கூலியும் குறையவில்லை. மேசையில் மற்றவர்கள் அவளோடு பேசுவதுமட்டும் நின்றுபோனது. தம்பி அவளோடு வராமல் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தி இறங்கும் சத்தத்திலேயே நாள் முழுக்க அவள் காது கிடந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் தடுமாறினாலும் பசை தடவும் கை அப்படியே நின்றுவிடும். மற்றவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.