போலீஸ் விளக்கு எரிந்த வீடு

நான் சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சரிவில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் வேலி தாண்டி மிளகுத் தோட்டத்துக்குள் ஓடினார்கள். அதில் எதிர்வீட்டு மாணிக்கத்துக்குக் கணுக்கால் பிசகியது. இதெல்லாம் மறுநாள்தான் எனக்குத் தெரியும். அந்தச் சாயங்காலம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விளக்கு சுற்றுகிறது.

அது பழைய போலீஸ் ஜீப்பின் கூரை மேல் இருந்த விளக்கு. நீளமான பெட்டி. ஒரு பக்கம் சிவப்பு மூடி, மறுபக்கம் நீல மூடி, உள்ளே பல்புகளைச் சுற்றி ஓடும் கண்ணாடிகள். இப்போது வருகிற விளக்குகள் மாதிரி வெட்டி வெட்டி மின்னாது. நிதானமாகத் திரும்பிப் பார்க்கும். தண்ணீர் மோட்டாருக்கு ஒரு சாமான் தேடி நாமக்கல்லில் பழைய இரும்புக் கடைக்குப் போனவன், அந்தச் சாமானை மறந்துவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். இந்த வயதில் ஆண்கள் சர்க்கரை வியாதி வாங்குவார்கள், காசிக்கு டிக்கெட் வாங்குவார்கள். நான் ஜீப் இல்லாமல் ஜீப் விளக்கு வாங்கினேன்.

என் மனைவி கோகிலவாணி இருந்திருந்தால் அது வாசல் தாண்டி உள்ளே வந்திருக்காது. எங்கள் மகள் வித்யாஸ்ரீயின் பிரசவத்துக்கென்று அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிப் போனவள் அவள். குழந்தை இப்போது தவழ்கிறது. வீட்டில் டவர் கிடைக்காது என்பதால் பாறை மேல் ஏறி நின்று, "எப்ப வர்றே?" என்று போனில் கேட்பேன். முதலில், "கொழந்தைக்குத் தலை நிக்கட்டுங்க" என்றாள். அப்புறம், "மழை விடட்டுங்க" என்றாள். அதற்கப்புறம், "பல்லு மொளைக்கட்டுங்க." பல்லும் முளைத்துவிட்டது. மகளைக் கேட்டால், "அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்பாள். மச்சினன் முரளியோ, "பாத்துக்கலாம் மாமா" என்பான். வருவாளா, மாட்டாளா? ஒரு சொல் போதும். அதைச் சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

எனக்கு அழுகையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தேன். தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

அதனால் விளக்கைப் பிரித்தேன். மூடியைத் தின்னர் ஊற்றித் துடைத்தால் வெளுத்து விரிசல் விடும் என்பதை நீல மூடியின் ஓரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. மிச்சத்தைப் பற்பசையால் தேய்த்தேன். கண்ணாடிகளுக்கு விபூதி. சாமி கும்பிடக்கூட நான் அவ்வளவு விபூதியை எடுத்ததில்லை. மோட்டாரிலிருந்து கண்ணாடிகளைச் சுற்றும் ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது. சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி மாட்டினேன். டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்து இணைத்து, வாசல் சுவர் மேல் விளக்கை வைத்தேன். பனிக்குள் சிவப்பு ஒரு தடவை, நீலம் ஒரு தடவை. அழகாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளேயிருந்து யாரும் ஆமாம் போடவில்லை. அணைக்காமலே போய்ப் படுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் போலீஸ் நிற்கிற வீட்டுக்கு யாரும் முதலில் போக மாட்டார்கள். முதலில் போகிறவன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் அவன்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதனால் சரிவில் இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் வாசலில் நின்று, வேறு யாராவது போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கத்தின் மனைவி தேன்மொழி மட்டும் கணக்குப் போட்டாள். தனியாக இருக்கிற ஆள், பொண்டாட்டி வரவில்லை, வாசலில் போலீஸ், விளக்கு நகரவே இல்லை. அவள் பாறைக்கு ஓடிக் காரவள்ளிக்குப் போன் போட்டுவிட்டாள்.

காலை முதல் பஸ்ஸில் கோகிலவாணி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கையில் ஒரு பை. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "இருக்கீங்களா?" என்றாள்.

"கொஞ்சம் இருக்கேன்" என்றேன்.

துணி துவைக்கும் கல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே மாணிக்கம் நொண்டிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்ணா, உசுரோட இருக்கற மனுசன் ஒரு கொரல் குடுக்கப்படாதா? என்ற காலைப் பாருங்க!"

"நீ ஏம்ப்பா ஓடுனே?"

"கையில சீட்டு இருந்துச்சுங்களே. அதுவும் எப்பவும் வராத நல்ல சீட்டு."

கோகிலவாணி நிமிராமல் சொன்னாள்: "முரளி விடியறதுக்குள்ள பிளக்ஸ் கடைக்காரனை எழுப்பி, கண்ணீர் அஞ்சலி அடிக்க உங்க போட்டோவைக் குடுத்துட்டான்."

"எந்தப் போட்டோ?"

"வாசலூர்பட்டி ஏரியில போட்டுல போனப்ப எடுத்தது."

"லைஃப் ஜாக்கெட்டோடவா? அதைப் போட்டுக்கிட்டே செத்தவன்னு ஊரே சிரிக்குமே!"

மாணிக்கம் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "முரளிக்கு நான் போன் போட்டுச் சொல்லிடறேன். வாரேனுங்ணா" என்று நொண்டியபடியே போனான்.

கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்துக் கண் சிவந்திருந்தது. விடிந்ததும் நான் அணைத்திருந்த விளக்கைப் பார்த்தாள்.

"இதுதானா?"

"இதுதான். போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாங்க."

பையை மடியிலிருந்து அவள் இறக்கவே இல்லை. வீட்டுக்குள்ளும் போகவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கென்றே என் வாயில் ஒரு கேலி எப்போதும் தயாராக இருக்கும், அன்றும் இருந்தது. அதை விழுங்கினேன்.

"வாணி, இனி இங்க வருவியா, மாட்டியா? சாக்கு எதுவும் வேண்டாம். உள்ளதைச் சொல்லு."

டம்ளரைக் கல் மேல் வைத்துவிட்டு, வெகு காலத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாதி மலை வரைக்கும் அழுதுக்கிட்டேதானுங்க வந்தேன். அதுக்கு மேல அழுகை நின்னுபோச்சு. நீங்க போயிட்டீங்கன்னா இனி இந்த ஊட்டுக்குத் திரும்பி வரவேண்டியதில்லைன்னு தோணுச்சு. அப்படித் தோணுதேன்னு எனக்கே பயமாப் போச்சு. என்ன சொன்னாலும் சிரிச்சே மூடிடுவீங்க. இத்தனை வருசமா இங்க நான் தனியாத்தான் இருந்தேன். உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. நீங்க நல்லா இருக்கோணும். ஆனா நான் வரமாட்டேன்."