பேசின் தண்ணீரில் ஒரு முகம்

மாசம்பா தன் மகனை நூறு தடவையாவது வரைந்திருப்பான். ஒரு தடவைகூட முகத்தை வரைந்ததில்லை. மகன் போய் ஏழு மாதம் கழித்துத்தான் அது அவனுக்கே உறைத்தது.

கண்ணாடியின் பின்பக்கம் படம் வரைகிறவன் அவன். கடலோர ஊரான ந்தாரில் அந்த வேலை செய்கிற மற்றவர்கள் சிங்கத்தையும் குருமார்களையும் வரைந்து விற்றார்கள். மாசம்பா வரைந்ததெல்லாம் மீன் கழுவும் பெண்கள், கொடியில் காயும் துணி, முற்றத்தில் தூங்கும் ஆடு. அவற்றின்மேல் விழுகிற வெயில்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. கண்ணாடியில் முதலில் வைக்கிற வண்ணம்தான் முன்னால் தெரியும். ஆகவே வெளிச்சத்தை முதலில் வைத்துவிட்டு, ஆளை அதற்குப் பின்னால் கொண்டுவருவான். மனிதர்களையும் அவன் அதே வரிசையில்தான் பார்த்தான் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும், உண்மை அதுதான். மகன் திஜான் வாசலில் வந்து நின்றால், அப்படியே நில், திரும்பாதே என்பான். பையனின் தோளில் வெயில் பளிச்சென்று விழும். முகம் நிழலுக்குள் போய்விடும். படம் பிரமாதமாக வரும்.

பதினேழு வயதில் அந்தப் பையன் யாரிடமும் சொல்லாமல், ஒரு மீன்படகில் எண்பது பேரோடு ஏறி ஸ்பெயின் தீவுகளுக்குப் புறப்பட்டான். படகு போய்ச் சேரவில்லை. இப்போது மீனவர் சங்கச் செயலாளர் வந்து, அந்தத் தீவுகளின் கரையில் ஒதுங்கிய உடல்களுக்கு எண் போட்டுப் புதைத்திருக்கிறார்கள், புதைக்கும் முன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றார். முகம் தெரிகிற படம் ஒன்று கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வியாழக்கிழமை அவர் தலைநகருக்குப் போகிறார்.

வீட்டில் போட்டோ இல்லை. போன மழைக்காலத்தில் கடல் பின்னறையை இழுத்துக்கொண்டு போனபோது தகரப்பெட்டியும் போயிற்று. ஆனாலும் அவன் மனைவி பெந்தா கலங்கவில்லை. மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவனுக்காக இறந்தவர்களுக்கான பிரார்த்தனையை ஓதக்கூட மறுத்துவந்தவள் அவள்.

"படம் வரையறவர் வீட்டுல படத்துக்கா பஞ்சம்? உக்காருங்க. வரைங்க" என்றாள்.

மூன்று நாள் உட்கார்ந்தான். பிடரி வந்தது. காது, அதன் மடலில் இருந்த சின்ன வெட்டோடு அச்சாக வந்தது. தோளெலும்பின்மேல் காலை வெயில் எங்கே நிற்கும் என்று விரல் தானாகச் சொன்னது. முகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உதடு தடித்ததா, மெல்லியதா? ஏதோ ஒன்றைப் போட்டான். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், இது மளிகைக்கடைக்காரன் சம்பாதானே என்று வெள்ளந்தியாகக் கேட்டார். பெந்தா அந்தக் கண்ணாடியை வாங்கி, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, திரும்ப அவன் கையில் கொடுத்தாள். பல் இடைவெளியைச் சொன்னாள், புருவத் தழும்பைச் சொன்னாள். கண்ணைப் பற்றிக் கேட்டபோது, எப்போதும் ஏதோ கேட்க வருகிற மாதிரி இருக்கும் என்றாள். அதை எப்படி வரைவது?

"பதினேழு வருஷம் பார்த்தீங்களே, திஜான் அப்பா. எதைத்தான் பார்த்தீங்க?"

வெயிலை என்று சொல்ல வாயெடுத்தான். அவமானத்தில் அடக்கிக்கொண்டான்.

புதன்கிழமை காலை பெந்தாவுக்கு ஒரு பழைய படம் ஞாபகம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஊரின் தீவுப் பகுதியில் இருக்கும் ஓட்டல்காரர் வாங்கிப் போனது. பெரிய எனாமல் பேசின்மேல் திஜான் குனிந்து மீன் கழுவுகிறான், முதுகுதான் தெரிகிறது.

"ஆனா தண்ணிக்குள்ள அவன் மூஞ்சி இருந்துச்சு" என்றாள். "அசைஞ்சுது. நானே பார்த்தேன்."

அந்தத் தண்ணீரை எதனால் செய்தோம் என்று மாசம்பாவுக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதத்தில் முதல் முறையாக அவள் நல்ல மஞ்சள் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தைரியம் வரவில்லை. கோழை மாதிரி அவள் பின்னாலேயே பாலத்தைக் கடந்தான்.

படம் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. பெந்தா நேரே போய் பேசினுக்குள் பார்த்தாள். அதற்குள் ஒரு பெண் இருந்தாள், மஞ்சள் தலைத்துணியோடு. பெந்தா தலையைச் சாய்த்தாள், அவளும் சாய்த்தாள். தட்டு ஏந்திய பணியாள் ஒருவன் பின்னால் போனான். அவன் முகம் தண்ணீரில் நெளிந்து மறைந்தது.

மாசம்பா அப்போதுதான் சொன்னான். அந்த இடத்தில் வண்ணமே இல்லை. கண்ணாடியை வெறுமனே விட்டு, டீ பாக்கெட்டின் வெள்ளித்தாளை நகத்தால் நீவிப் பின்னால் ஒட்டியிருந்தான். பார்க்கிறவர் முகமே தண்ணீரில் விழட்டும் என்று செய்த கெட்டிக்காரத்தனம். ஊரே மெச்சியது.

பெந்தா அழவில்லை, திட்டவில்லை. செயலாளரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்ப்பதாகவும், திரும்ப வரைவதாகவும் உளறினான்.

"வேணாம்" என்றாள். கண்ணை அந்தத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. "நான் பார்த்தது அவனைத்தான். இந்தப் படம் முடிஞ்ச அன்னைக்கு அவன் என் தோளுக்குப் பின்னால நின்னுட்டு இருந்தான். நல்லா இருக்காம்மான்னு கேட்டான். நான் இதையே பார்த்துக்கிட்டு நல்லா இருக்குன்னு சொன்னேன். திரும்பவே இல்ல."