பிரபுவின் பழைய கோட்டு

பரம்பரை மாளிகையை ஓட்டல்காரர்களுக்கு விற்ற பிறகும் பெரெக்ரின் பிரபு அதன் வாயிற்காவல் வீட்டில் வாடகையின்றிக் குடியிருந்தார். அதற்கு ஈடாகச் சனிக்கிழமைதோறும் விருந்தினர்களோடு சாப்பிட்டு, குடும்பக் கதைகள் சொன்னார்.

ஞாயிறு காலை ஓட்டல் மேலாளர் ஹேசல் வந்தாள்.

“ஐயா, நேத்து சாப்பிட்டவங்க புகார் எழுதியிருக்காங்க. உங்களைப் பார்த்தா பிரபு மாதிரியே இல்லையாம். கோட்டு முழங்கையில ஒட்டுப் போட்டிருக்காம்.”

“அது எங்க தாத்தா கோட்டு. புதுப் பணக்காரன்தாம்மா புதுக் கோட்டு போடுவான்.”

“உங்களுக்குத் தெரியுது. காசு குடுத்து வர்றவங்களுக்குத் தெரியலையே. அடுத்த வாரத்துலேர்ந்து உங்களுக்குப் பதிலா ஒரு நடிகர் வர்றாரு. இந்த வீடும் அவருக்குத்தான்.”

ஹேசல் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“போறதுக்கு முன்னாடி உங்க குடும்பக் கதைகளை அவருக்கு எழுதிக் குடுத்துடுங்க,” என்றாள்.

“எத்தனை பக்கம் வேணும்?” என்று மட்டும் கேட்டார்.