சவுண்டு கார்டுக்கு ஒரு மனு

என் வீட்டுக்காரரிடம் ஒரு சாமான் வாங்கி வரச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் கடைச் சுவரில் இன்றும் சாட்சி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் முத்திரை குத்திய ஓர் அனுமதிச் சீட்டு. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் ஏதோ லைசென்ஸ் என்று நினைத்து மரியாதையாகப் பார்ப்பார்கள். நானும் விளக்கம் சொல்வதில்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம். மலைமேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கம்ப்யூட்டரில் மனுவும் பயோடேட்டாவும் அடித்துக் கொடுக்கும் கடை வைத்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் நாமக்கல்லில் ஓர் ஆபீசில் கழித்துப் போட்டது. வேலை நன்றாகச் செய்யும். வாய் மட்டும் கிடையாது. தப்பாக எதையாவது அழுத்தினால் 'பீப்' என்று ஒருமுறை முனகும், அவ்வளவுதான்.

வாயெல்லாம் என் வீட்டுக்காரருக்கு. முருகானந்தம் மைக்செட் என்றால் மலை முழுக்கத் தெரியும். காதுகுத்து, கல்யாணம், கோயில் நோம்பி எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவார்கள். ஆடிப் பதினெட்டுக்குக் கீழ்நாட்டு ஜனம் திரண்டு மேலே வரும்போது இருபது முப்பது குழந்தைகளாவது கை நழுவிப் போகும். இவர் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, அழுகிற பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக்கொண்டு அறிவிப்பார். பேர் என்ன, எந்த ஊர், என்ன கலர் சட்டை. கால் மணி நேரத்தில் தாய் ஓடி வந்துவிடுவாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நானும் இவரைக் கட்டிக்கொண்டேன். முகத்தைப் பார்த்து இல்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மாதக்கணக்கில் கரகரத்தது. இவர் மிளகுக் கஷாயம் குடித்துக் காலம் தள்ளினார். கடைசியில் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதற்கப்புறம் பேச்சு வராது என்றார் டாக்டர். அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்று தேதியும் கொடுத்துவிட்டார்.

நான் அப்போது ஆறு மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. பஸ் எழுபது வளைவும் ஏறி முடிக்கிறவரை எனக்கு ஒரே நினைப்புதான். ஊரார் பிள்ளையை எல்லாம் கூப்பிட்ட குரல் சொந்தப் பிள்ளையைக் கூப்பிடாமல் போய்விடக் கூடாது.

கேசட்டில் பிடித்தால் போதாதா என்று நாத்தனார் பாப்பாயி கேட்டாள். மலையில் மழை நாலு மாதம் பெய்தால் கேசட்டெல்லாம் பூசணம் பூத்துவிடும். எங்கள் கல்யாணக் கேசட்டே இழுத்து இழுத்து ஒப்பாரி மாதிரிதான் பாடுகிறது. கம்ப்யூட்டரில் பதிந்து சிடியில் ஏற்றிவிட்டால் பத்து படி எடுத்து வைக்கலாம். ராசிபுரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள் நான், இந்த அளவுக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குக் காதும் வாயும் வைக்கச் சவுண்டு கார்டு வேண்டும். இனி வளைவில் இறங்கக் கூடாது என்று நர்சம்மா என்னைத் தடுத்துவிட்டார். புதன்கிழமை ராத்திரி சாப்பாடு போடும்போது இவரிடம் சொன்னேன், கம்ப்யூட்டரில் பேச வேண்டுமானால் சவுண்டு கார்டு வேண்டும், காலையில் போய் வாங்கி வந்துவிடுங்கள் என்று. சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். நாமக்கல் போய் வர ஒரு நாள் வேண்டுமே என்று நான் திகைத்து நிற்க, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"கார்டு இன்னும் வரலியாமா, தேனு. ஸ்டேஷன்ல ஏட்டய்யா சீட்டாவே எழுதிக் குடுத்துட்டாரு."

தாளில் இப்படி இருந்தது: 'மேற்படி தேன்மொழி கம்ப்யூட்டர் சென்டரில், காலை ஆறு முதல் இரவு பத்து வரை, பாக்ஸ் ஸ்பீக்கர் இரண்டு மட்டும் வைத்து ஒலி எழுப்பிக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. குழாய் ஸ்பீக்கர் கூடாது.'

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதினைந்து வருஷமாக ஒவ்வொரு நோம்பிக்கும் சவுண்டுக்கு அனுமதி வாங்க ஸ்டேஷன் படி ஏறியவர். ரேஷனுக்கு ஒரு கார்டு, ஓட்டுக்கு ஒரு கார்டு என்று வந்துகொண்டிருந்த காலம். சவுண்டுக்கும் ஒன்று போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். ஸ்டேஷனிலும் அவர் தொண்டை விஷயம் தெரியும். பாவம், எதற்கோ கேட்கிறார் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். திட்டித் தீர்த்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒரு நாள் வீண். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நாமக்கல்லுக்கு இறங்கினார். இந்த முறை காகிதத்தில் எழுதி, கார்டு எப்படி இருக்கும் என்று படமும் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் மிளகு மூட்டைக்காரர்களுக்கு நடுவே, வேட்டி மடிப்பில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்தார். உள்ளங்கை அகலப் பச்சை அட்டை, ஓரத்தில் மஞ்சள் பற்கள். இதற்குள்ளேயா சத்தம் இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை கடைக்கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்தேன். கார்டைச் செருகி மூடி, கரண்டைப் போட்டால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. கழற்றி மறுபடி செருகினேன். அப்போதும் இல்லை. மறுபடியும் கழற்றப் போனேன். இவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, மைக் பின்னைத் துடைக்கிற மாதிரி அந்த மஞ்சள் பற்களை அழிரப்பரால் தேய்த்தார். பக்கத்துப் பள்ளத்தில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் ஒரே அழுத்து அழுத்தினார். கரண்டைப் போட்டதும் 'நியூ ஹார்ட்வேர் ஃபவுண்ட்' என்று திரையில் எழுத்து வந்தது. என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"காணாமப் போனது கெடைச்சிருச்சாமுங்க" என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் முதல் தடவையாகச் சிரித்தோம்.

கூட வந்த சிடியைப் போட்டு மற்ற வேலையை நான் முடித்தேன். அவருடைய பெரிய மைக்கின் பின் கார்டின் துளையில் நுழையவில்லை. அதற்கும் அவரே வழி சொன்னார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து நீலத் துளையில் சொருகினார். மைக்கைத் தட்டினார். திரையில் பச்சைக் கோடு துள்ளியது.

அதற்கப்புறம்தான் வம்பு. ஆயிரம் பேர் முன்னால் பேசுகிற மனிதருக்கு வாய் வரவில்லை. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றார். நிறுத்தினார். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் தடவையும் அதேதான். கூட்டம் இல்லாமல் பேச வராது என்றார். அந்தக் குரலும் பழைய வெண்கலக் குரல் இல்லை, கரகரப்பு ஏறிப்போயிருந்தது. இதுவாவது கிடைக்கட்டும் சாமி என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாளைக்கு மத்தியானப் பஸ்ஸில் ஆபரேஷனுக்குப் பாப்பாயியோடு இறங்கிப் போய்விடுவார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"புள்ளைக்கு என்ன அடையாளஞ் சொல்றது, தேனு?"

"ஒண்ணுந் தெரியாதுங்களே" என்றேன்.

மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பிக்கொண்டார். திருவிழாவில் நிற்கிற மாதிரி முதுகை நிமிர்த்தினார். நான் பதிவு பட்டனை அழுத்தினேன்.

"அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. செம்மேடு தேன்மொழி அவர்களின் குழந்தை. பேரு இன்னும் வெக்கலீங்க. என்ன கலர் சட்டை போட்டிருக்குன்னு தெரியலீங்க. எங்க இருந்தாலும் உடனே மைக்செட் பக்கமா வரவும். கண்ணு, உங்கப்பன் இங்கியேதான் நின்னுட்டிருக்கறேன்."

அவ்வளவுதான். மொத்தம் இருபத்தி நாலு விநாடி. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் மைக்கை அணைத்துவிட்டார். ஆபரேஷன் திங்கட்கிழமை சொன்னபடி நடந்தது. உயிர் தங்கியது. குரல் போயிற்று.

மூன்று மாதம் கழித்துத் தாரணி பிறந்தாள்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. சோறு ஊட்டும் நேரம் வந்தால் எங்காவது போய் ஒளிந்துகொள்வாள். நான் கத்தினால் வரமாட்டாள், என்னை மாதிரியே பிடிவாதம். அவளைக் கூப்பிட இவருக்குக் குரல் இல்லை. தட்டோடு கடைக்கு வந்து, கம்ப்யூட்டரில் அந்தப் பதிவின் படத்தை மட்டும் தேடி அமுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். பாக்ஸ் ஸ்பீக்கர் இரண்டும் அறிவிக்க ஆரம்பிக்கும். அனுமதிச் சீட்டில் உள்ளபடி, காலை ஆறிலிருந்து இரவு பத்துக்குள்தான்.

அறிவிப்பு முடிவதற்குள் தாரணி எந்த மூலையிலிருந்தாவது ஓடி வந்துவிடுவாள். பாக்ஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நேராக அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, அவர் பார்க்கும்படி சட்டையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். தினம் தினம் தவறாமல் சொல்வாள்.

"அப்பா, நான் தாரணி. இன்னைக்குப் பச்சைச் சட்டை."